கொம்பு ஒடிந்த கருப்பர் கிடா

காலையில் கைபேசியைத் திறந்தால் போதும், உறவினர் யாராவது ஒருவருடைய ஸ்டேட்டஸில் கர்மா யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கும். ரோஜாப்பூ படத்தின் மேல் 'கர்மா யாரையும் சும்மா விடாது' என்று எழுதியிருப்பார்கள். பெயர் இருக்காது. அது அவர்கள் நாத்தனாருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ போக வேண்டிய எச்சரிக்கை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நேராக என் விலாசத்துக்கே வந்தது மாதிரிதான் இருக்கும். மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்துவிட்டு, அது கூவுவதற்குள் அந்த வாரம் நான் யார் யாரிடம் முகம் சுளித்தேன் என்று யோசித்து முடித்திருப்பேன். வேதியியலில் முதுகலை படித்தவள் நான். அந்தப் படிப்பு தெர்மாமீட்டரை நம்பச் சொல்கிறது. மற்றதை நம்பாதே என்று மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை.

சென்ற வாரம் மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கியவுடன், கர்மா என்றால் என்ன என்று கேட்டாள். வேனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாம் செய்வது நமக்கே திரும்பி வருவது என்று ஆரம்பித்தேன். அவளுக்குப் போன மாதம் வந்த அம்மை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று மாற்றிச் சொன்னேன். பின்னால் மாமியார் நிற்பது தெரிந்து, "பெரியவங்க சொல்றதும் உண்டு" என்று இழுத்தேன். மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சமையலறையில் நின்றபோதுதான் கருப்பர் கிடாவின் ஞாபகம் வந்தது. கர்மா உண்டா இல்லையா என்பதை ஓர் ஊரே கூடி நின்று தீர்மானித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, அந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அரிமளத்திலிருந்து வரும் மினிபஸ் எங்கள் ஊரோடு திரும்பிப் போய்விடும். அப்பா குவைத்தில் இருந்தார். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டவை. வாசல் பொது. கிணறு பொது. டெலிபோன் மட்டும் பெரியப்பா வீட்டில். பெரியப்பா மகனை நான் அண்ணன் என்பேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சவுதி விசாவுக்காகக் காத்திருந்தார். அந்த விசா வர வேண்டும் என்று பெரியம்மா கருப்பருக்கு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டிருந்தார்.

நேர்ந்துவிடுவது என்றால், குட்டியாக இருக்கும்போதே காதைக் கொஞ்சம் கிள்ளி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, கோயில் வாசலில் விட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து அது நம் ஆடு இல்லை, சாமியின் ஆடு. எங்கே வேண்டுமானாலும் போகும், எதை வேண்டுமானாலும் தின்னும். யாரும் விரட்டக் கூடாது, கட்டக் கூடாது, கை ஓங்கவே கூடாது. திருவிழா அன்று வெட்டும் வரை அதற்கு ராஜ வாழ்க்கை.

எங்கள் கிடா அந்த வாழ்க்கையை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. காலையில் டீக்கடைக்கு வந்து பன் வாங்கிக்கொள்ளும். மதியம் பள்ளிக்கூடத்தில் எங்களோடு வரிசையில் நின்று சத்துணவு சாப்பிடும். கல்யாண வீடுகளில் முதல் பந்தியிலேயே இருக்கும். கருப்பு நிறத்தில், பின்னால் வளைந்த பெரிய கொம்புகளோடு, எதிரில் வருபவர்தான் ஒதுங்க வேண்டும் என்று நடுத்தெருவில் நடக்கும். அதை விரட்டியவர்களின் கதைகள் எங்களுக்கு மனப்பாடம். கல்லெறிந்தவருக்கு மறுநாளே வண்டி பஞ்சர். சீ என்று சொன்ன வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. இவையெல்லாம் கிடா பிறப்பதற்கு முன்பும் அவர்களுக்கு நடந்துகொண்டிருந்த சங்கடங்கள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கர்மா என்ற சொல் அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. கருப்பர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், கருப்பர் கொஞ்சம் விரைவாகச் செய்வார்.

அது கடலை பறித்து முடித்த நேரம். வாசல் முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து பெரியம்மா புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை எட்டும் தூரத்தில் என் தம்பி முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தான். பேச்சு அப்போதுதான் வந்துகொண்டிருந்த வயது. அம்மா கொல்லைப் பக்கம் முந்திரி விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கடலைக்குக் காவல், அதாவது கடலை தின்றுகொண்டிருந்தேன்.

கிடா வந்தது. கடலையைப் பார்த்தது, வேண்டாம் என்று விட்டது. அதற்கு முறுக்கு வேண்டியிருந்தது. தம்பி கொடுக்கவில்லை. ஊரிலேயே அந்தக் கிடாவுக்கு இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். அது தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டியது. தம்பி போய்ப் படிக்கல்லின் விளிம்பில் விழுந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கிடா பின்னால் நகர்ந்தது. ஆடு பின்னால் நகர்ந்தால் பயந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஓடி வந்து இன்னும் பலமாக முட்டப் போகிறது என்று அர்த்தம். பெரியம்மா புளிக் கையோடு எழுந்து நின்று கிடாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கருப்பா, போயிருப்பா. பச்சப் புள்ளப்பா. போயிரு சாமி."

கிடா போகவில்லை. கொல்லையிலிருந்து ஓடி வந்த அம்மாவின் கையில் முந்திரிக் கட்டை அப்படியே இருந்தது. ஒரே அடி. படக் என்று ஒரு சத்தம். கிடாவின் இடது கொம்பில் பாதி, கடலைக்கு நடுவில் போய் விழுந்தது.

கிடா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. ஏதோ புதிய செய்தி கேட்டது மாதிரி காதை ஆட்டியது. பிறகு தரையில் கிடந்த முறுக்கை நிதானமாகத் தின்றுவிட்டு, கொம்பின் அடியில் ரத்தம் கசிய, வந்த வழியே போனது. பெரியம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மினிபஸ்ஸுக்கு ஓடினாள். அவள் காலில் செருப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் நெற்றியில் தையல் போட்டார்கள். ஊசியும் போட்டார்கள். இந்த ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. ஊருக்குத் திரும்பியபோது அந்த நர்ஸின் பேச்சுக்கு அங்கே மதிப்பு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. பஸ் நின்ற இடத்திலேயே சேதி காத்திருந்தது. சாமி கிடாயை அடித்ததே பெரும் குற்றம். அதிலும் கொம்பை ஒடித்தது எந்தக் கணக்கிலும் சேராத குற்றம். குறை உள்ள கிடாயைக் கருப்பருக்கு வெட்டக் கூடாது. திருவிழா நெருங்கிவிட்டது. நேர்ந்துவிட்ட கிடாயைக் கொடுக்க முடியாமல் போனால் விசா என்னவாகும்? பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. தம்பியின் நெற்றிக் கட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் பார்க்காமல், காற்றைப் பார்த்துப் பேசினார்.

"புள்ளைக்குப் பட்டது ஆறிப்போகும். ஒடிஞ்ச கொம்பு மொளைக்குமா?"

அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஊசிக் காய்ச்சல் என்றாள் அம்மா. ஊர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டியது. மறுநாளும் காய்ச்சல் இருந்தது. அதற்கு மறுநாள் நர்ஸ் சொன்ன கெடுவையும் தாண்டிவிட்டது. குழாயடியில் பெண்கள் நான் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி மட்டும் நிறுத்தாமல், உன் தம்பி செத்துப்போவானாமே என்று சாதாரணமாகக் கேட்டாள். அம்மாவுக்குத் தண்டனை எந்த வழியாக வரும் என்று நான் அவள் பின்னாலேயே திரிந்தேன். காய் நறுக்கும்போது விரலில் பட்டது. சோறு அடிப்பிடித்தது. கிணற்று வாளி கயிற்றோடு உள்ளே போனது. ஒவ்வொன்றுக்கும் எனக்குள் மணி அடித்தது. சின்னச் சின்னதாகவே வந்து தீர்ந்துவிட்டால் நல்லது என்று கருப்பரிடம் பேரமும் பேசினேன்.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து அப்பாவின் போன் வந்தது. பெரியப்பா முதலில் பேசி எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் ரிசீவர் அம்மாவின் கைக்கு வந்தது. அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொன்னார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஊர் சொல்கிறபடி கோயிலில் விழுந்து கும்பிட்டு, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்பதுதான். அம்மா அதுவரை அப்பாவிடம் போனில் சரிங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சோப்பு, கம்பளி, கோடாலித் தைலம் எதைப் பற்றியானாலும் சரிங்கதான். அன்று வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"புள்ளைக்குக் காயம் எப்புடி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கலையே நீங்க" என்றாள். ரிசீவரை மெதுவாக, கண்ணாடி டம்ளரை வைப்பது மாதிரி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. தம்பி அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தான். கேட்க வேண்டியது, குற்றம் உண்டா இல்லையா என்ற ஒன்றே ஒன்றுதான் என்றார்கள். குற்றம் அம்மாவுடையது என்றால் அவள் ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றி விழுந்து வர வேண்டும். அடுத்த திருவிழா வரை யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகக் கூடாது. அண்ணனின் பயணத்தையும் அதுவரை தள்ளிப்போட வேண்டும். அண்ணன் தூணில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கும் என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். அது கோயில் சட்டமா அவருடைய சொந்தச் சரக்கா என்பது யாருக்கும் தெரியாது.

தெரிந்து அடித்தாயா, தெரியாமல் அடித்தாயா என்று அம்மாவைக் கேட்டார்கள். தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வழி விட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அம்மா எழுந்து நின்றாள். தம்பியை என் மடிக்கு மாற்றினாள். கூட்டத்தில் அவள் பேசி அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை.

"கருப்பருக்கு விட்டதுன்னு தெரிஞ்சுதாங்க அடிச்சேன். கழுத்துல மஞ்சத்துணி கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. பாவம்னா அது எங்கணக்குல இருக்கட்டும், எம்புள்ள கணக்குல எழுத வேணாம்னு சாமிக்கிட்டயே கேட்டுக்கிறேன். ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு அது திரும்பி முட்ட வந்தாலும் அடிப்பேன்."

எங்கோ பின்னால் ஒரு கிழவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். என் அம்மாவுக்குக் கருப்பரிடமே பயம் இல்லை. பாவமாவது புண்ணியமாவது, அதெல்லாம் சும்மா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இப்படி நிமிர்ந்து நிற்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பூசாரி கையை உயர்த்தினார். மனிதர்கள் பேசியது போதும், சாமியைக் கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பாருங்கள் என்றார். இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் தட்டில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குற்றம் இல்லை, சிவப்பு வந்தால் குற்றம் உண்டு. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. பொட்டலத்தை யார் கட்டுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் பக்கத்து ஆள் கட்டினால் சந்தேகம் வரும். நேர்த்திக்கடன்காரியே கட்டட்டும் என்றார் பூசாரி. பெரியம்மா எழுந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாதவர், கோயிலுக்குப் பின்னால் பூத்திருந்த செடிகளின் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிவிட்டு வந்தார். எடுப்பதற்கு அங்கே இருந்த குழந்தைகளில் சாமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான்தான். அம்மாவின் பெண்ணே எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எடுத்தால் என்ன, எதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவா போகிறது என்றார் பூசாரி.

தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு பொட்டலமும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது மாதிரி இருந்தன. என் கை தவறான பக்கம் போனால் அம்மா ஈரச்சேலையோடு மண்ணில் விழ வேண்டும், அண்ணனின் விமானம் போய்விடும், தம்பி என்னாவான் என்று தெரியாது. வலது பக்கம் கையைக் கொண்டுபோனேன். அது ரொம்பச் சுலபமாகத் தெரியவே இடது பக்கம் மாற்றினேன். திரும்ப வலது. எல்லாவற்றையும் இரண்டு தடவை யோசிக்கும் வியாதி எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பூசாரியின் கையில் வைத்துவிட்டேன். அவர் நாரை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குலவை கேட்டது.

கண்ணைத் திறந்தால் அவர் உள்ளங்கையில் வெள்ளைப் பூ.

குழாயடியில் பேச்சை நிறுத்திய அதே பெண்கள்தான் குலவை போட்டார்கள். பூசாரி அந்தப் பூவை என் கையில் கொடுத்து, தம்பியின் நெற்றியில் விபூதி பூசினார். குற்றம் இல்லைன்னு கருப்பரே சொல்லிட்டாரு என்று உரக்கச் சொன்னார். அண்ணன் யாரும் எதிர்பார்க்காதபடி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது ஊரே என் காலுக்குக் கீழே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிடா வந்தது. ஒன்றரைக் கொம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் தட்டின் பக்கம் போனது. மிச்சமிருந்த பொட்டலத்தின் வாழையிலை அதற்குப் பிடித்திருந்தது. அதைத் தடுக்கப் பெரியம்மா பாய்ந்தார். அவர் அத்தனை வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தாள். பொட்டலம் ஒரே சமயத்தில் இரண்டு பேர் கையிலும் இருந்தது. ஒருவரும் விடவில்லை. பெரியம்மாவின் முகத்தை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரியம்மாதான் கையை எடுத்தார். அம்மா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். தோற்றவர் கடைசிப் பொட்டலத்தையாவது தனக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார், அதையும் அம்மா விடவில்லை என்று அண்ணனின் தோளில் இருந்தபடி நான் நினைத்தேன். கிடா ஏமாந்து, பூசாரியின் துண்டைக் கடித்தது. யாரும் அதை விரட்டவில்லை. அம்மா மட்டும் 'போ அங்கிட்டு' என்றாள். அது போனது.

வீட்டுக்குத் திரும்பியது ஓர் ஊர்வலம். முன்னால் நான், தோளின் மேல். பின்னால் அம்மாவும் தம்பியும். அதற்கும் பின்னால் எங்கள் தெருவே. மறுநாள் காலையில் தம்பிக்கு உடம்பு குளிர்ந்திருந்தது. எழுந்தவுடன் முறுக்கு கேட்டான். நெல் அறுவடை முடிவதற்குள் விசா வந்தது. திருவிழாவுக்குப் பெரியப்பா வேறொரு கிடா வாங்கிக் கொடுத்தார். கொம்பு ஒடிந்ததை வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, அதுவோ சாமி ஆடு. ஆகவே அது எங்கள் மாட்டுக் கொட்டகையில் பல வருஷம் படுத்துத் தூங்கி, கிழடாகி, தன் சாவு தானாக வந்து செத்தது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயில் முதுமை பார்த்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். டீக்கடையில் இதைப் பற்றி வெகுகாலம் பேசினார்கள். அந்த அடி மட்டும் விழாமல் இருந்திருந்தால் திருவிழா அன்றே அதன் கதை முடிந்திருக்கும். அப்படியென்றால் அம்மா செய்தது பாவமா, புண்ணியமா? தீராத வழக்கு. அம்மாவைப் பார்த்தால் மட்டும் அது ஓடி வந்து கையை நக்கும். தம்பியைப் பார்த்தால் கடைசி வரை ஒதுங்கித்தான் போகும்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மகள் வயிற்றில் இருந்தபோது பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். கிரகணத்தன்று தெரியாமல் வெளியே போய்விட்டு வந்து, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அழுதுகொண்டிருந்தேன். உன்னைப் போல எனக்குத் தைரியம் இல்லை, உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"யாரு சொன்னா? கருப்பரு என்னையத் தூக்கிருவாருன்னுதான் நெனச்சேன். நெஞ்சு அடிச்ச அடி எனக்குல்ல தெரியும். ஒஞ் சித்திக்கிட்ட அன்னைக்கே சொல்லிவிட்டுட்டேன், எனக்கு ஏதாச்சும் ஆனா ரெண்டு புள்ளைகளையும் நீதான் பாக்கணும்னு."

அவள் கீரையை உதறிவிட்டு அடுத்ததையும் அதே குரலில் சொன்னாள். அந்த இன்னொரு பொட்டலத்தை அன்று வீட்டுக்கு வந்தவுடனே பிரித்துப் பார்த்தாளாம். அதற்குள்ளும் வெள்ளைப் பூதான் இருந்ததாம். பெரியம்மா கோயிலுக்குப் பின்னால் போய் அரளியைத் தொடவே இல்லை. தன் மகனின் விசாவுக்காக நேர்ந்த கிடா, தன் கையாலேயே கட்டிய பூ. இரண்டிலும் வெள்ளை. நான் எதை எடுத்திருந்தாலும் அம்மா ஜெயித்திருப்பாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பெரியம்மாவிடம் கேட்டாயா என்றேன். எதற்குக் கேட்க வேண்டும் என்றாள் அம்மா. அப்படியென்றால் கருப்பர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் பெரியம்மா செய்ததுதானே என்று விடாமல் கேட்டேன். அம்மா என்னைக் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்தாள்.

"அவுக கையில அன்னைக்கு யாரு இருந்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பல தடவை யோசித்திருக்கிறேன். தம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் கும்பிட மட்டுமே முடிந்த அந்த நிமிஷம் பெரியம்மாவை அந்த வாரம் முழுக்கத் தூங்க விட்டிருக்காது என்று சில சமயம் தோன்றும். குற்றம் என்று வந்தால் மகனின் பயணம் நின்றுவிடும் என்ற கணக்காகவும் இருக்கலாம் என்று வேறு சமயம் தோன்றும். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். எது எப்படியானாலும் எங்கள் ஊரில் அன்று வந்த கர்மாவை ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு, நார் போட்டுக் கட்டினாள். பொய்யென்று தூக்கிப்போட என்னால் முடியவில்லை. வானத்திலிருந்து வந்தது என்று சொல்லவும் முடியவில்லை. மகள் மறுபடி கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் கிடாயைப் பற்றி மட்டும்தான் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெரு கலைந்த பிறகு, அம்மா ஒரு தூக்குவாளியில் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஜெயித்தவள் தோற்றவள் வீட்டு வாசலை மிதிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உள்ளே சமையலறையில் பெரியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா வாளியை வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்து, தானும் உரிக்கத் தொடங்கினாள். பெரியம்மாவின் கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கியது. அம்மாவின் கண்ணிலும்தான். வெங்காயம் அன்று ரொம்பக் காரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் வா, வா என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தபடி நின்றேன்.